மணல் ஈ கடித்த நாய்: லீஷ்மேனியா நோயைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

நாயின் கண்ணைச் சுற்றி முடி கொட்டுகிறது. மூக்குத் தண்டின் மேல் சாம்பல் தூவியதுபோலச் செதில் கிடக்கிறது. நாய் சொறிந்துகொள்வதில்லை, அதனால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொடுகாக இருக்கும் என்று ஷாம்புவை மாற்றிப் பார்க்கிறார்கள். அப்புறம் எடை குறைகிறது. சாப்பாடு வழக்கம்போல உள்ளே போகிறது, உடம்பில்தான் ஒட்டவில்லை. வயதாகிறது போல என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாய்க்கு வயது நான்குதான் ஆகிறது. ஒருநாள் தும்மும்போது மூக்கிலிருந்து ரத்தம் வந்து தரையில் தெறிக்கிறது. அப்போதுதான் கால்நடை மருத்துவரிடம் ஓடுகிறார்கள்.

லீஷ்மேனியா நோய் பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடுகிறது. கிருமி உள்ளே நுழைந்த நாளுக்கும் நோய் வெளியே தெரிந்த நாளுக்கும் இடையே சில மாதங்கள் ஓடியிருக்கும், சில நாய்களுக்குப் பல வருடங்கள்கூட. எப்போது கடித்தது, எங்கே கடித்தது என்று வீட்டாருக்கு நினைவே இருக்காது. முன்பு எங்கேயோ கூட்டிக்கொண்டு போன விடுமுறைப் பயணமாகக்கூட இருக்கலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் இதைத் தொட்டுத்தான் வரும். இந்த விஷயத்தில் தொற்று வேறு, நோய் வேறு. கிருமி உடம்பில் இருக்கும் எல்லா நாயும் நோயாளி நாய் அல்ல. பரிசோதனை முடிவைப் பார்த்துப் பதறுகிறவர்களும் சரி, முடிவு நன்றாக வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களும் சரி, குழம்புவது இந்த இடத்தில்தான்.

கிருமி எது?

லீஷ்மேனியா என்பது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. மலேரியாக் கிருமியைப் போலவே பூச்சி வழியாகப் பரவும் ஓர் உயிர். இதில் பல வகைகள் உண்டு. நாய்களைப் படுத்துவதில் முதலிடம் லீஷ்மேனியா இன்ஃபான்டம் என்ற வகைக்கு. மத்திய தரைக்கடலைச் சுற்றியுள்ள நாடுகள், பிரேசில் உள்ளிட்ட லத்தீன் அமெரிக்க நாடுகள், மேற்கு ஆசியா, மத்திய ஆசியாவின் சில பகுதிகள் ஆகியவை இதன் பேட்டை. தென்மேற்கு ஐரோப்பாவில் மட்டும் ஏறக்குறைய 25 லட்சம் நாய்களிடம் இந்தத் தொற்று இருக்கலாம் என்று ஒரு பழைய மதிப்பீடு இருக்கிறது.

பெயர்க்கதை சின்னதுதான். காலா அசார் எனப்படும் மனிதக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை 1903இல் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ மருத்துவரும், சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனவனும் தனித்தனியே கண்டறிந்து எழுதினார்கள். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். ஐந்து வருடம் கழித்து, 1908இல், துனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல் இதே குடும்பத்துக் கிருமியை நாய்களிடம் பார்த்தார். இன்ஃபான்டம் என்ற பெயர் அவர் வைத்தது. அங்கே குழந்தைகளுக்கு இந்த நோய் அதிகம் வந்ததால் அந்தப் பெயர்.

கடிப்பது யார்?

மணல் ஈ. பெயரில் ஈ இருந்தாலும் பார்ப்பதற்குக் குட்டிக் கொசு மாதிரிதான் இருக்கும். நீளம் 2 அல்லது 3 மில்லிமீட்டர். வைக்கோல் நிறம், உடம்பெல்லாம் ரோமம். சுவரில் உட்கார்ந்திருக்கும்போது கொசு இறக்கையை முதுகோடு மடித்து வைத்திருக்கும். இது அப்படியில்லை, இரண்டு இறக்கையையும் மேலே தூக்கி விரித்து வைத்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் இந்த ஒரு அடையாளத்தை வைத்தே பிரித்துவிடலாம். காதருகே ரீங்காரம் கேட்காது, சத்தமே இல்லாமல் வந்து கடித்துவிட்டுப் போகும். பறக்கவும் அவ்வளவாக வராது. தத்தித் தத்திக் குதிப்பதுபோல நகரும், மின்விசிறிக் காற்றிலேயே தடுமாறும்.

கொசுவோடு இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. இது தண்ணீரில் முட்டையிடாது. ஈரப்பதமும் மக்கிய இலை, சாணம் போன்றவையும் சேர்ந்த மண், சுவர் விரிசல், தொழுவத்து மூலை, எலி வளை ஆகியவைதான் இதன் பிரசவ அறை. ஆகவே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டோம் என்று நிம்மதி அடைய முடியாது. சாதாரணக் கொசு வலையும் இதைத் தடுக்காது, கண்ணி வழியாகவே நுழைந்துவிடும். இன்னும் நெருக்கமான வலை வேண்டும்.

பெண் பூச்சிதான் ரத்தம் குடிக்கும், அதுவும் அந்தி தொடங்கி விடியும் வரை. தொற்று உள்ள நாயின் ரத்தத்தைக் குடித்தால் கிருமி அதன் வயிற்றுக்குள் போய், வால் முளைத்து நீந்தும் வடிவத்துக்கு மாறிப் பெருகும். ஒன்றிரண்டு வாரத்தில் பூச்சி அடுத்த நாய்க்குக் கொடுக்கத் தயாராகிவிடும். முடி குறைவான இடங்களைத்தான் பூச்சி தேடும்: மூக்கு, காது மடல், கண்ணோரம், வயிறு.

பூச்சி இல்லாமல் பரவும் வழிகளும் இருக்கின்றன. தாயிடமிருந்து குட்டிக்கு, இனச்சேர்க்கையில், ரத்தம் ஏற்றும்போது. 1999இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ்ஹவுண்ட் வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றில் இந்த நோய் பரவியது தெரியவந்து எல்லோரையும் திகைக்க வைத்தது. பூச்சிக்கு அங்கே பெரிய பங்கு இருந்ததாகத் தெரியவில்லை. தாய்வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கியதுதான் முக்கிய வழி என்று பின்னர் தெளிந்தது. இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் நாயையும் ரத்த தானத்துக்குக் கூட்டிப்போகும் நாயையும் முன்கூட்டியே சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரே கடி, இரண்டு நாய், இரண்டு கதை

கடித்த இடத்தில் கிருமி இறங்கியதும், அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் மேக்ரோபேஜ் என்ற அணுக்கள் ஓடி வருகின்றன. கிருமியையும் விழுங்குகின்றன. விழுங்கியதோடு கதை முடிய வேண்டும், ஆனால் முடிவதில்லை. அந்த அணுவுக்குள்ளேயே கிருமி வால் உதிர்த்து, உருண்டையாகி, குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடுகிறது. பிடிக்க வந்த காவலர் வீட்டிலேயே திருடன் வாடகைக்கு இருப்பது மாதிரி.

இங்கேதான் நாய்க்கு நாய் பாதை பிரிகிறது. சில நாய்களின் நோய் எதிர்ப்பு அமைப்பு அந்த மேக்ரோபேஜைத் தூண்டிவிட்டு உள்ளே இருக்கும் கிருமியை அதைக்கொண்டே கொல்ல வைக்கும். கிருமி முழுக்க ஒழியாவிட்டாலும் அடங்கிக் கிடக்கும். அந்த நாய் ஆயுசு முழுக்க ஆரோக்கியமாக ஓடித் திரியும். ஸ்பெயினின் இபிஸா தீவைச் சேர்ந்த இபிஸான் ஹவுண்ட் இனம் இதற்குப் பெயர் பெற்றது. காலம் காலமாக மணல் ஈக்களோடு வாழ்ந்த ஊர் நாய், அதன் உடம்புக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கிறது.

வேறு சில நாய்களின் உடம்பு எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, தயாரிப்பதில் மும்முரமாக இறங்கிவிடும். ஆன்டிபாடி ரத்தத்தில் மிதப்பது, கிருமியோ அணுவுக்குள் பூட்டிக்கொண்டு இருப்பது. தெருவெல்லாம் போலீஸ் நிறுத்தினாலும் உள்ளே இருப்பவனைத் தொட முடியாது. கிருமி பெருகிக்கொண்டே போக, ஆன்டிபாடியும் மலைபோலக் குவியும். கிருமித் துணுக்குகளோடு ஆன்டிபாடிகள் ஒட்டிக்கொண்ட கட்டிகள் ரத்தத்தில் சுற்றிவந்து சிறுநீரகத்தின் சல்லடையிலும், கண்ணிலும், மூட்டுகளிலும், ரத்தக் குழாய்ச் சுவரிலும் போய்ப் படியும். கிருமி செய்யும் சேதத்தைவிட இந்தப் படிவு செய்யும் சேதம் பெரிது. இந்த நோயில் நாய்கள் இறப்பதற்கு முக்கியக் காரணம் சிறுநீரகம் கெட்டுப்போவதுதான்.

பாக்ஸர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், காக்கர் ஸ்பேனியல் போன்ற இனங்களில் நோய் அதிகமாகத் தென்படுகிறது. வயதில் பார்த்தால் மூன்றுக்குள் ஒரு கூட்டம், எட்டுக்கு மேல் ஒரு கூட்டம். ஆனால் இதைப் படித்துவிட்டு நம்ம நாய் கலப்பினம், வயதும் ஐந்து, ஆகவே வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த நாய்க்கும் வரலாம்.

கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை

அறிகுறிகளைப் பட்டியல் போட்டால் நீண்டுகொண்டே போகும், படிப்பவருக்கும் மனதில் நிற்காது. நாயைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையிலிருந்து தொடங்குங்கள்.

கண்ணைச் சுற்றி வட்டமாக முடி உதிர்ந்து, கண்ணாடி போட்டதுபோல இருக்கிறதா? நெற்றியின் இரண்டு பக்கமும், காதுக்கும் கண்ணுக்கும் நடுவே, வழக்கமாகத் தசை திரண்டிருக்கும். அங்கே விரல் வைத்தால் குழி விழுந்து எலும்பு தட்டுகிறதா? அப்படித் தசை கரைந்த முகம் நான்கு வயது நாயைப் பன்னிரண்டு வயது நாயாகக் காட்டும். காது மடலின் ஓரத்தில் செதிலோ, ஆறாத புண்ணோ? மூக்கின் நுனி காய்ந்து தடித்து வெடித்திருக்கிறதா? கண் சிவந்து, வெளிச்சத்துக்குக் கூசி, கருவிழி மங்கலாகத் தெரிந்தால் அது தனி அவசரம். கண்ணுக்குள் வரும் அழற்சியைத் தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகை. அப்புறம் தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்பக்கம் என்று மூன்று இடங்களில் விரலை ஓட்டுங்கள். முட்டிக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணு சாதாரணமாகத் தேடினால்தான் கிடைக்கும். வீங்கியிருந்தால் கோலிக்குண்டு மாதிரி கையில் உருளும், அழுத்தினாலும் நாய்க்கு வலிக்காது. இரண்டு பக்கமும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு கறுப்புத் துணியை விரித்து அதன் மேல் நாயை நிறுத்தி, முடியை எதிர்த்திசையில் சீவுங்கள். வெள்ளை வெள்ளையாகச் செதில் கொட்டுகிறது, ஆனால் நாய் ஒருநாளும் சொறியவில்லை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வாமை, சிரங்கு, பேன் எல்லாம் அரிப்போடு வரும். அரிக்காத பொடுகுதான் இங்கே சந்தேகத்துக்கு உரியது. எப்போதாவது வேறு கிருமியும் சேர்ந்துகொண்டு அரிப்பு வரலாம், அது விதிவிலக்கு.

கடைசியாக நகம். தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்கிறது, வெட்டி மூன்று வாரம் ஆகவில்லை, மறுபடி வளைந்து நீண்டுவிட்டது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அசாதாரணமாக நகம் வளர்வது இந்த நோயின் பழைய அடையாளங்களில் ஒன்று.

உள்ளே நடப்பது இன்னும் மெதுவாகத் தெரியும். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவது, அடிக்கடி சிறுநீர் போவது, வாந்தி, நொண்டல், சோர்வு, மூக்கில் ரத்தம். இவை எல்லாம் ஒரே நாயிடம் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை. தோல் பளபளவென்று இருக்க, சிறுநீரகம் மட்டும் பாதி போயிருக்கும் நாய்களும் உண்டு. வெளியே தெரியவில்லை என்பதற்காக உள்ளே நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பரிசோதனைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

கிளினிக்கில் பத்து நிமிடத்தில் முடிவு தரும் துரிதக் கிட் உண்டு. ஒரு சொட்டு ரத்தம், ஒரு கோடு அல்லது இரண்டு கோடு. வசதியானதுதான், ஆனால் அது சொல்வது ஆன்டிபாடி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும். அதிலும் சில நாய்களைக் கோட்டைவிட்டுவிடும். அறிகுறி இருந்து கிட் இல்லை என்று சொன்னால் அதோடு நிறுத்தக் கூடாது. எலைசா அல்லது ஐஃபாட் போன்ற, அளவைக் கணக்கிடும் ஆய்வகச் சோதனை எடுக்க வேண்டும். ஆன்டிபாடி அளவு மிக உயரமாக இருந்து, பொருந்தும் அறிகுறிகளும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. அளவு குறைவாக இருந்தால் அது பழைய தொற்றின் சுவடாகவும் இருக்கலாம். முன்பு போட்ட சில வகைத் தடுப்பூசிகளின் விளைவாகவோ, குட்டியாக இருந்தால் தாயிடமிருந்து வந்ததாகவோகூட இருக்கலாம். மேலும் தோண்டத்தான் வேண்டும்.

தோண்டுவது என்றால் கிருமியையே தேடுவது. வீங்கிய நிணநீர்க் கணுவிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ ஊசியால் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், அல்லது பி.சி.ஆர். மூலம் கிருமியின் மரபணுவைத் தேடுவார்கள். ரத்தத்தில் பி.சி.ஆர். செய்தால் கிருமி கிடைக்காமல் போகும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கிருமி ரத்தத்தில் சுற்றுவதைவிட மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுவிலும்தான் தங்கும். மறுபக்கம், ஆரோக்கியமான நாயிடம் பி.சி.ஆர். ஆம் என்று வந்தால் தொற்று இருக்கிறது என்றுதான் பொருள். நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இவ்வளவு சோதனையிலும் என்னைக் கேட்டால் வீட்டார் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது இரண்டே எண்கள்தான். ஒன்று, சிறுநீரில் புரதத்துக்கும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். 0.5க்கு மேல் போனால் சல்லடை ஒழுகுகிறது என்று அர்த்தம். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதற்கு ரொம்ப முன்னாலேயே இது ஏறிவிடும். இரண்டு, ரத்தத்தில் அல்புமின், குளோபுலின் என்ற இருவகைப் புரதங்களுக்கும் இடையே உள்ள விகிதம். ஆன்டிபாடி குவியக் குவிய குளோபுலின் ஏறும், சிறுநீரில் ஒழுகுவதால் அல்புமின் இறங்கும். சிகிச்சை பலிக்கும்போது இரண்டும் நல்ல திசைக்குத் திரும்புவதைப் பார்க்கலாம்.

உண்ணி கடித்து வரும் எர்லிகியா, பபீசியா போன்ற நோய்களும் ரத்தசோகை, எடைக் குறைவு, மூக்கில் ரத்தம் என்று கிட்டத்தட்ட இதே வேடத்தில் வரும். பல நாய்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆகவே ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றதைத் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது.

எல்லா முடிவுகளையும் சேர்த்து மருத்துவர்கள் நோயை லேசானது, நடுத்தரம், தீவிரம், மிகத் தீவிரம் என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தோலில் என்ன இருக்கிறது என்பதைவிடச் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் நாய் பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

சிகிச்சை: விரட்டுவது அல்ல, அடக்குவது

கிருமியை முழுக்கத் துடைத்தெறியும் மருந்து நாய்களுக்கு இன்னும் இல்லை. ஆனால் நோயை அடக்கி, நாயைப் பழையபடி நடமாட வைக்கும் மருந்துகள் இருக்கின்றன. சர்க்கரை நோய்போல, சமாளித்து வாழும் நோய் இது என்று மனதைத் தயார் செய்துகொண்டால் பிறகு ஏமாற்றம் இல்லை.

வழக்கமான சிகிச்சை இரண்டு மருந்துகளின் கூட்டணி. முதல் மாதம் அடித்து நொறுக்க ஒன்று, அப்புறம் நீண்ட காலம் காவல் காக்க ஒன்று. அடிக்கும் மருந்து என்றால் மெக்லுமின் ஆன்டிமோனியேட் என்ற ஊசி, தோலுக்கு அடியில், நான்கு வாரம் தினமும். அல்லது மில்டெஃபோசின் என்ற வாய்வழித் திரவ மருந்து, நாளுக்கு ஒருமுறை 28 நாள். ஊசியில், போட்ட இடத்தில் வலியும் கட்டியும் வரலாம். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மருத்துவர்கள் யோசிப்பார்கள். மில்டெஃபோசினில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சகஜம். சாப்பாட்டோடு கலந்து கொடுத்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். புற்றுநோய்க்காக உருவாகி, பிறகு இந்தப் பக்கம் வந்த மருந்து அது. கருவைப் பாதிக்கக்கூடியது, அதனால் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் கையில் கொடுக்கக் கூடாது. மற்றவர்களும் கையுறை போட்டுக்கொண்டுதான் அளந்து ஊற்ற வேண்டும்.

காவல் மருந்து அலோபுரினால். மனிதர்களுக்கு கவுட் மூட்டுவலிக்குக் கொடுக்கும் அதே மாத்திரை. லீஷ்மேனியாவால் பியூரின் என்ற மூலப்பொருளைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது, விருந்தாளியாக இருக்கும் வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அலோபுரினால் பார்ப்பதற்கு பியூரின் மாதிரியே இருக்கும். கிருமி ஏமாந்து அதை எடுத்துத் தன் வேலைக்குப் பயன்படுத்தப் போக, புரதத் தயாரிப்பே தடுமாறிப் பெருக்கம் நின்றுவிடும். இந்த மாத்திரையைக் குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, பல நாய்களுக்கு அதற்கு மேலும் தர வேண்டியிருக்கும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாத்திரையின் வேலையால் சாந்தின் என்ற பொருள் சிறுநீரில் சேர்ந்து, மணலாகவும் கல்லாகவும் மாறலாம். நாய் சிறுநீர் போக முக்குகிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது, ரத்தம் கலந்து வருகிறது என்றால் உடனே சொல்லுங்கள். பியூரின் குறைந்த உணவும் நிறையத் தண்ணீரும் இதற்குத் துணை. ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி பாசத்தோடு வைக்கிற விருந்தாக இருந்தாலும், மாத்திரை ஓடும் காலத்தில் வேண்டாம். குடும்பத்துக்குள்ளேயே ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஊட்டுவதுதான் பெரிய தலைவலி.

டோம்பெரிடோன் என்ற வாந்தி நிறுத்தும் மருந்தையும் சில இடங்களில் லேசான நிலையில் உள்ள நாய்களுக்குக் கொடுக்கிறார்கள். அது கிருமியை நேரடியாக அடிப்பதில்லை. எதிர்ப்பு அமைப்பை நல்ல பக்கம் சாய்க்கப் பார்க்கும். ஆம்ஃபோடெரிசின் பி என்ற வலுவான மருந்து இருக்கிறது, ஆனால் அது மனிதர்களுக்கு உயிர் காக்கும் மருந்து. நாய்களுக்குப் பயன்படுத்திக் கிருமி அதற்குப் பழகிவிட்டால் மனிதர்களுக்கும் பயனற்றுப் போகும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

முதல் மாதத்திலேயே பல நாய்களிடம் மாற்றம் தெரியும். கண்ணோரம் முடி துளிர்க்கும், உற்சாகம் திரும்பும். சிலவற்றுக்கு இன்னும் சில மாதம் பிடிக்கும். நன்றாகிவிட்டது என்று வீட்டார் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும் இந்தக் கட்டத்தில்தான். தோல் மினுமினுப்பதை வைத்து நிறுத்தக் கூடாது. ரத்தமும் சிறுநீரும் சீராகி, ஆன்டிபாடி அளவு நன்றாக இறங்கிய பிறகு மருத்துவர் நிறுத்துவார். முதல் மாத முடிவில் ஒரு பரிசோதனை, முதல் வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆயுசு முழுக்க ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை. நிறுத்திய பிறகும் நோய் திரும்ப வரலாம். வேறு நோய்க்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுக்க நேர்ந்தால் அது எட்டிப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த நாய்க்கு லீஷ்மேனியா இருந்தது என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

தொற்று இருந்து, அறிகுறி ஒன்றும் இல்லாமல், ரத்தமும் சிறுநீரும் சுத்தமாக இருக்கும் நாய்க்கு? பெரும்பாலும் மருந்து வேண்டாம், தவறாமல் கண்காணித்தால் போதும். தொற்று வேறு, நோய் வேறு என்று தொடக்கத்தில் சொன்னது இங்கே கைகொடுக்கிறது.

கடி படாமல் பார்த்துக்கொள்வது

தடுப்பு என்றால் முதல் வேலை பூச்சியை நாயின் மேல் உட்காரவிடாமல் செய்வது. அதற்கு பைரித்ராய்டு குடும்பத்து மருந்துகள்தான் நம்பகமானவை. டெல்டாமெத்ரின் ஊறிய கழுத்துப்பட்டை, ஃப்ளுமெத்ரின் கலந்த கழுத்துப்பட்டை, முதுகில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து. இவை பூச்சியைக் கொல்வதோடு விரட்டவும் செய்யும். இந்த விரட்டும் குணம்தான் முக்கியம். உண்ணிக்காக இப்போது பலரும் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகள் பூச்சி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும், கடியைத் தடுக்காது. மாத்திரை கொடுத்துவிட்டோமே, பட்டை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பட்டை பல மாதம் உழைக்கும், ஆனால் மருந்து தோல் முழுக்கப் பரவ ஒன்றிரண்டு வாரம் ஆகும். மணல் ஈ உள்ள பகுதிக்குப் பயணம் என்றால் கிளம்பும் அன்று மாட்டினால் போதாது, முன்கூட்டியே மாட்ட வேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் போகும் அளவு இறுக்கம், முடிக்குள் தோலைத் தொட்டபடி இருக்க வேண்டும். தொளதொளவென்று முடிக்கு மேல் தொங்கினால் வெறும் அலங்காரம்தான். சொட்டு மருந்து சுமார் மூன்று நான்கு வாரம்தான் தாங்கும், தேதியைக் குறித்து வைத்து மறுபடி விட வேண்டும். அடிக்கடி குளிப்பாட்டும் வீடாக இருந்தால் எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். பெர்மெத்ரின் பூனைக்குக் கடும் விஷம். நாய்க்கு விட்ட சொட்டு காயும் முன் பூனை அதன் மேல் உரசினாலோ நக்கினாலோ வலிப்பு வந்து இறந்துபோகலாம். அந்த வீட்டில் பூனைக்கும் பாதுகாப்பான வேறு பொருளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிச்சம் எல்லாம் பழக்கம். பூச்சிக் காலத்தில், மத்திய தரைக்கடல் நாடுகளில் என்றால் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை, அந்தி சாய்ந்ததும் நாயை உள்ளே படுக்க வையுங்கள். அது படுக்கும் இடத்தில் மின்விசிறி ஓடட்டும். குப்பை இலைக் குவியலை அப்புறப்படுத்துங்கள், சுவர் விரிசலைப் பூசுங்கள்.

தடுப்பூசியும் சில நாடுகளில் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016இல் அனுமதி பெற்ற லெட்டிஃபெண்ட் ஓர் உதாரணம். ஆனால் இந்தத் தடுப்பூசிகள் தொற்றை நிறுத்துவதில்லை. தொற்றிய நாய் நோயாளியாகும் வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே தொற்று இல்லை என்று சோதித்த நாய்க்குத்தான் போட வேண்டும். போட்ட பிறகும் பட்டையைக் கழற்றக் கூடாது.

நோய் உள்ள நாட்டிலிருந்து நாயைத் தத்தெடுக்கிறவர்கள், வந்ததும் ஒரு சோதனை, ஆறு மாதம் கழித்து இன்னொரு சோதனை என்று எடுப்பது நல்லது. கிளம்பும் முன் கடித்திருந்தால் முதல் சோதனையில் ஆன்டிபாடி உருவாகியே இருக்காது.

வீட்டு மனிதர்களுக்கு வருமா?

தடவினால், நக்கினால், ஒரே படுக்கையில் படுத்தால் வருவதில்லை. நடுவே மணல் ஈ வேண்டும். இன்ஃபான்டம் வகை மனிதரையும் தொற்றும் என்பது உண்மை. சின்னக் குழந்தைகளும், எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நோயுற்ற நாய்க்கும் விரட்டும் பட்டையை விடாமல் மாட்டியிருப்பது இதற்காகத்தான். அதைக் கடித்த பூச்சி இன்னொருவரைக் கடிக்காமல் இருக்க. இந்தியத் துணைக்கண்டத்தின் காலா அசார் வேறு கதை. அங்கே டோனவானி வகை, மனிதரிடமிருந்து மனிதருக்கே பூச்சி கொண்டுபோகிறது.

நாயின் மேல் பழி போடுவது எளிது. பிரேசிலில் தொற்றுள்ள நாய்களைக் கொல்லும் கொள்கை பல பத்தாண்டுகள் நடந்தது. கொன்ற இடத்தில் சீக்கிரமே புது நாய்க்குட்டிகள் வந்தன, அவற்றையும் பூச்சி கடித்தது, மனித நோய் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்ற விமர்சனம் வலுத்தது. 2016இல்தான் நாய்களுக்கு மில்டெஃபோசின் கொடுக்க அங்கே அனுமதி கிடைத்தது. ஸ்பெயினில் மாட்ரிட் அருகே ஃபூயென்லாப்ராடா பகுதியில் 2009 முதல் நூற்றுக்கணக்கான மனிதர்களுக்கு இந்த நோய் வந்தபோதும் முதலில் கண் போனது நாய்கள் மேல்தான். சோதித்தால் நாய்களிடம் தொற்று அப்படி ஒன்றும் அதிகமாக இல்லை. பக்கத்தில் புதிதாக அமைத்த பெரிய பூங்காவில் பெருகியிருந்த முயல் இனங்களில்தான் கிருமி இருந்தது, குறிப்பாகக் காட்டு முயல்களில்.